போத்தல் நந்தியும் அன்னாசிக் கறியும்

அன்னமாய் விளைபவனும், அதை வேகவைக்கும் தழலாய் எரிபவனும், உண்பவர் வயிற்றில் பசியாய் இருந்து அழைப்பவனும் ஆகிய அம்பலவாணன் திருவடிகளை நெஞ்சில் வைத்து, எடுத்த காரியத்துக்கு முன்னே நடக்கும் மூத்த பிள்ளையாரைத் துணைக்கு அழைத்துத் தொடங்குகிறேன். பங்குனி வளர்பிறையில் குருவாரமும் பூச நட்சத்திரமும் கூடிய இந்த நன்னாளின் காலைப் பொழுதில், பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்யாண வீடுகளிலும் துரைமார் பங்களாக்களிலும் கரண்டி பிடிக்கும் இளைய சமையற்காரர்களுக்கு, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்ட ஒருவன் எழுதுவது இது.

சென்ற மாசியில் கிள்ளானில் நடந்த திருமணத்தில், அன்னாசிக் கறி அண்டாவுக்கு இருபுறமும் நின்றுகொண்டு உங்களில் இருவர் வாதிட்டதைக் கேள்விப்பட்டேன். தேங்காய்ப் பால் சேர்வதால் அது யாழ்ப்பாணத்துக் கறி என்றார் ஒருவர். வறுத்து அரைத்த கொத்தமல்லி சேர்வதால் அது தஞ்சாவூர்க் கறி என்றார் மற்றவர். ஒருவர் பாட்டன் காலத்துக்கும் மற்றவர் சோழர் காலத்துக்கும் போன பின், கரண்டிகள் உயர்ந்தனவாம். நடுவில் புகுந்த மணமகளின் தாய்மாமன் இரண்டையும் வாங்கிக்கொண்டாராம். இப்போது இருவரும் தனித்தனியே எனக்குக் கடிதம் எழுதி, எது அசல் என்று தீர்ப்புக் கேட்டிருக்கிறீர்கள். தீர்ப்பைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் என் வாழ்வில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸ் மேட்டில் இருந்த ரயில்வே எஞ்சினீயர் துரையின் பங்களாவில் புதிதாக அமர்ந்திருந்தேன். அதற்கு முன் சைவக் கிராணிமார் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் மட்டுமே சமைத்தவன். குமாஸ்தாக்களை அன்று நாம் கிராணி என்றுதான் சொல்வோம், இன்றும் அப்படித்தான். பங்களாவில் இரண்டு அடுப்படிகள் இருந்தன. இறைச்சி வேலை எல்லாம் ஹைனான் சீனர் ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சோறும் அன்றாடக் காய்கறியும் என்னுடையவை. இறைச்சியைத் தொடமாட்டேன், அது பட்ட பாத்திரத்தையும் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். துரை ஒப்புக்கொண்டார். இரண்டு அடுப்படிக்கும் நடுவே, பின்முற்றத்து ரம்புத்தான் மரம் வரை நீண்ட இடுப்பளவு சுவர் ஒன்று இருந்தது. அதன் மேல் அந்தச் சீனரும் நானும் நாள் முழுதும் மலாயிலும் கையசைவிலும் உரையாடுவோம்.

சமைக்கையில் நான் சுவை பார்ப்பதில்லை. எந்தப் பானையை இறக்கினாலும் மனத்துக்குள் பெருமானுக்குக் காட்டிய பிறகே மனிதருக்கு எடுப்பேன். அவனுக்குக் காட்டுமுன் என் நாவில் வைப்பது எங்ஙனம்? உப்பை மணத்தால் அறிவேன், வேக்காட்டைக் கொதியின் ஓசையால் அறிவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையேனும் என் குழம்பில் உப்பே இராது.

அந்த வீட்டு அலமாரியில், துரைசானி அம்மாவின் சாமான்கள் இருக்கும் தட்டில், கறுத்துக் குட்டையான போத்தல் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒட்டிய தாளில் ஒரு காளை நின்றது. அந்தக் காளையின் அழகை என்ன சொல்வேன்! நெற்றி அகன்று, கண்களில் சாந்தம் ததும்ப, முன்கால்களை ஊன்றி, தலைவன் எப்போது ஏறுவான் என்று காத்திருக்கும் நிலை. திமில் மட்டும் இல்லை. சீமைக் குளிரில் சுருங்கியிருக்கும் என்று கருதிக்கொண்டேன். நான் சேர்ந்த வாரத்தில் துரைக்குக் காய்ச்சல் கண்டது. அம்மா அந்தப் போத்தலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் துரை எழுந்து தண்டவாளம் பார்க்கப் போய்விட்டார். சீமையிலும் நந்திதேவர் பெயரால் லேகியம் செய்கிறார்கள் போலும் என்று என் உள்ளம் குளிர்ந்தது. அன்று முதல் குளித்துத் திருநீறு அணிந்து வந்ததும் அந்தக் காளையின் நெற்றியில் சந்தனப் பொட்டு ஒன்று வைப்பேன். பிரதோஷ நாளில் இரண்டு அருகம்புல்லும் சாத்துவேன். நான்காம் மாதத்தில் ஒரு நாள் போத்தலுக்கு முன்னால் எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்று கிடந்தது. சுவருக்கு அப்பால் இருந்த சீனரைப் பார்த்தேன்.

"நீ மட்டும் கும்பிட்டா எப்படி, தம்பி?" என்றார் அவர். "ஒரே வீட்டு வேலை. சாமி உனக்கு மட்டும் உதவி செஞ்சா நான் என்ன செய்யிறது?"

நல்லவர். அவரைப் பற்றி மேலும் வரும்.

துரைசானி அம்மா சீமையிலிருந்து வந்து அப்போது ஓராண்டும் ஆகவில்லை. கூலிகளை வேலை வாங்கத் துரை கற்றிருந்த தமிழைத் துரையிடமிருந்தே கற்றவர். ஆகவே அவருடைய தமிழில் வா, போ, நில், தின் ஆகியவை மட்டுமே இருந்தன. வாருங்கள், உண்ணுங்கள் என்பன அந்தப் பள்ளியில் சொல்லித்தரப்படவில்லை. மனமோ வெண்ணெய். அவரிடம் சிவப்புத் தோல் அட்டை போட்ட ஏடு ஒன்று இருந்தது. மெட்ராஸில் நெடுங்காலம் வாழ்ந்த அவருடைய அத்தை எழுதிவைத்த சமையற் குறிப்புகள். அந்த ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஒரு கறியைத் தம் கையாலேயே சமைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். உருளைக்கிழங்கு, பனிப்பெட்டிக் கப்பலில் வந்த ஆப்பிள், உலர்ந்த திராட்சை, தகர டப்பாவில் அடைத்த மஞ்சள் தூள், எல்லாம் சேர்ந்து கெட்டியாவதற்குக் கோதுமை மாவு. பானையில் கரண்டியை நிறுத்தினால் அது நிற்கும்.

"அம்மா, மெட்ராஸ்ல யாரும் கறியில ஆப்பிள் போட மாட்டாங்க" என்றேன் ஒரு நாள்.

"அத்தை மெட்ராஸ்லே இருவது வருஷம்" என்றார் அவர். சமையற்காரனைக் குக்கி என்பது அவர் வழக்கம். "குக்கி, நீ மெட்ராஸ்லே எத்தனை வருஷம்?"

நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன். மெட்ராஸை என் கண்ணால் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வாய் மூடியதே ஒழிய கை மூடவில்லை. இது என் முதல் தவறு, குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அவர் உடை மாற்ற உள்ளே போன நேரம், அவருடைய பானையில் நான் புளி கரைத்து ஊற்றி, மிளகும் மல்லியும் வறுத்துப் பொடித்துப் போட்டு, மாவின் பசையை ஒருவாறு இளக்கிவிட்டேன். மேசையில் துரை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டு, புண்ணியம் செய்தேன் என்றே நினைத்தேன். அந்த மலர்ச்சியோடு அவர் அடுத்த ஞாயிறு டாக்டர் துரையின் குடும்பத்தைச் சாப்பிட அழைத்துவிட்டார். அன்று நான் கோயில் கொடியேற்றத்துக்குப் போயிருந்தேன். அவர் ஏட்டில் கண்டபடி சமைத்தார், வந்தது பசை. டாக்டர் துரையின் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாராம்.

மறுநாள் அம்மா என் அடுப்படிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "குக்கி, அந்த ஞாயிறு என் பானையிலே நீ கை வச்சியா?"

நெற்றியில் திருநீறு இருக்கும்போது பொய் எப்படி வரும்? "வச்சேன், அம்மா" என்றேன்.

"நான் சமைச்சது கெட்டுப் போனா, அது நான் கெடுத்தது. நல்லா வந்தா, நான் செஞ்சது. நீ ரெண்டையும் எடுத்துக்கிட்டே." விரலை நீட்டினார். "இனிமே என் பானை தொடாதே. சொல்லு."

"தொடமாட்டேன், அம்மா." அது நான் கொடுத்த முதல் வாக்கு.

இரண்டாவது வாக்கைக் கார்த்திகைக் கடைசியில் கொடுத்தேன். ரயில்வே அலுவலகத்தில் பெரிய கிராணியார் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், சிவதீட்சை பெற்றவர், அந்தக் கார்த்திகையோடு ஓய்வு பெற இருந்தவர். முப்பது ஆண்டு வேலையில் எந்தத் துரை வீட்டிலும் அவர் தண்ணீர்கூட அருந்தியதில்லை. மிகவும் வற்புறுத்தினால் இளநீர், அதுவும் அவர் கண்முன்னே சீவியது. அவருக்கு வழியனுப்பு விருந்து வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. நேரே அலுவலகத்துக்குப் போய், அத்தனை பேர் நடுவிலும், "பெரிய கிராணி, நீ ஞாயிறு என் வீட்டுக்கு வா. நான் என் கையாலே சமைக்கிறேன். நல்லா தின்னு" என்று அழைத்தாராம். அந்த மனிதரை முப்பது ஆண்டாக யாரும் நீ என்று சொன்னதில்லை. அலுவலகமே பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அவரோ எழுந்து நின்று, "வாறன், அம்மா" என்றாராம்.

அன்று மாலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில நிக்கவேணும் எண்டு எத்தினையோ வருஷமா நேர்ந்து வைச்சிருக்கிறன். விருந்துக்கு மூண்டாம் நாள் கப்பல். தீட்சை எடுத்த நாளில இருந்து இந்த வாயில மச்சம் மாமிசம் பட்டதில்லை. இப்ப கடைசிக் கிழமையில அந்தப் பிள்ளை கூப்பிடுது. போகாட்டி அதின்ர மனம் நோகும். போய் ஏதும் பிழைச்சால், நான் என்ன முகத்தோட அந்தச் சந்நிதியில நிக்கிறது?"

"நான் பாத்துக்கிறேன், ஐயா."

"புதுப் பானையோ?"

"சூளையில இருந்து நேரா அடுப்புக்கு வரும்."

"முட்டை?"

"அந்தப் பக்கம் கோழியே வராது."

தம் சம்புடத்திலிருந்து திருநீற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "உன்ர கையில விட்டிட்டன்" என்றார். வாக்கு என்று ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாரம் குறைவாக இருந்திருக்கும்.

துணைக்கு ஒருவரையும் அழைத்து வருவதாகச் சொன்னார். அவர் ரயில் பாதைக்குக் கட்டை வழங்கும் தஞ்சாவூர்க் காண்ட்ராக்டர். அவரும் சைவ உணவினர். கோயில் அன்னதானத்தில் சாம்பாரா சொதியா என்று இருவரும் ஆண்டுக்கணக்காக வாதாடி வந்தவர்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்குச் சாப்பாடு இறங்காது.

விருந்து நாள் வந்தது. ரம்புத்தான் மரத்தடியில் புதிதாக மூன்று அடுப்புக் கூட்டினேன். பிரிக்ஃபீல்ட்ஸ் சூளையிலிருந்து புதுப் பானைகள், புது அகப்பைகள். பானை வெடித்தால் என்ன செய்வது என்று ஒரு பானையை அதிகமாகவே வாங்கிவைத்திருந்தேன். நீங்களும் எப்போதும் அப்படியே செய்யுங்கள். சோறும் பருப்பும் என் வேலை. கிராணியாருக்குச் சொதி, காண்ட்ராக்டருக்குச் சாம்பார். நடுவே வீற்றிருக்கப் போகும் கறி அம்மாவுடையது. உருளைக்கிழங்கு, ஆப்பிள், திராட்சை, டப்பாத் தூள். மாவை மட்டும் விட்டுவிட்டு, சொதிக்கு நான் பிழிந்து வைத்திருந்த தேங்காய்ப் பாலில் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றினார். இறைச்சி இல்லை, முட்டை இல்லை. விருந்தினர் இருவரும் வந்து முன் வராந்தாவில் துரையோடு அமர்ந்தார்கள். நான் உள்ளே போய் மேசையில் வாழையிலை விரித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அம்மாவின் கையில் நந்தி இருந்தார்.

கரண்டியைப் பானைக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். "அத்தை சொல்றா, கறிக்கு இதுதான் உயிர். ரெண்டு ஸ்பூன்."

உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு ஆனந்தம் பொங்கியது. ஐந்து மாதம் சந்தனம் சாத்திய தெய்வம், ஒரு சிவதீட்சைக்காரரின் இலைக்குத் தானே எழுந்தருளுகிறது என்று கைகூப்பிவிட்டேன். அப்போது சுவருக்கு அப்பாலிருந்து சீனரின் தலை எழுந்தது.

"தம்பி, உங்க பெரிய ஐயா மாடு சாப்பிடுவாரா?"

"சீச்சீ! என்ன பேச்சு இது? எந்த மாடு?"

"அந்த மாடு" என்று போத்தலைக் காட்டினார்.

"அது சாமி."

"சாமி வெளியே, தம்பி. உள்ளே லெம்பு லா!"

லெம்பு என்றால் மலாயில் மாடு. எனக்குப் புரியாதோ என்று, கொன்று, வெட்டி, கொதிக்கக் கொதிக்க வற்றவைத்துச் சாறு எடுக்கும் வகையை இரு கையாலும் நடித்தே காட்டினார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்றேன்.

"உன் ஊர்ல மாட்டைக் கும்பிடுவாங்கன்னு தெரியும். சாறையும் கும்பிடுவாங்க போலன்னு நினைச்சேன்."

தம்பிமாரே, ஒரு சமையற்காரன் வாழ்வில் அடுப்பு எரிய, இலை விரிந்திருக்க, உலகம் நின்றுபோகும் கணம் ஒன்று வரும். எனக்கு அது அப்போது வந்தது. என் முழங்கைக்கும் அந்தப் பானைக்கும் ஒரு சாண் இடைவெளி. தற்செயல் போலத் தட்டிவிடலாம். மண்பானை, ஒரே நொடி. ஆனால் அவருடைய பானையைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதை மீறினாலும் பயன் என்ன? அம்மா அழுதுகொண்டே மறுபடி சமைப்பார். போத்தல் அவர் கையில்தான் இருக்கிறது, அத்தையின் ஏடும் திறந்தே இருக்கிறது. பேசாமல் பரிமாறலாம், கிராணியார் அறியமாட்டார். ஆனால் என் உள்ளங்கையில் அவர் வைத்த திருநீறு அறியும். யோசித்துப் பார்த்ததில் மிஞ்சியது ஒரே வழி. அது மிகவும் எளியது. அதனாலேயே கடைசியில் தோன்றியது.

"அம்மா, இந்தப் போத்தல்ல மாடு இருக்காம்."

"ஆமா. நல்ல மாடு."

"பெரிய கிராணி ஐயா மாடு தின்ன மாட்டாரும்மா."

"தெரியும். அதனாலே இறைச்சி இல்லே. ஒரு துண்டு இல்லே. இது சாறு."

"சாறும் மாடுதான், அம்மா."

அவர் முகம் வெளுத்தது. கரண்டியை மெல்ல வைத்துவிட்டு, காய் நறுக்கும் பலகையின் மேலேயே அமர்ந்துவிட்டார். "நான் அவருக்கு... நான் என் கையாலே..."

"இன்னும் கொடுக்கலம்மா. இன்னும் ஒண்ணும் நடக்கல."

"நீ சமை, குக்கி. நீ நல்லா சமைப்பே. எனக்கு வேண்டாம்."

அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு பழைய ஆசை தலைதூக்கியது. ஆம் என்றால் போதும்; அரை மணியில் அவர்கள் வாழ்நாளில் மறக்க முடியாத வற்றற்குழம்பு வைத்திருப்பேன். ஆனால் அந்தப் பெரியவர் குழம்புக்காக வரவில்லை. "உங்க கையால சாப்பிடத்தான் வந்திருக்காரு" என்றேன். "எழுந்திருங்க, அம்மா. ஒரு பானை மிச்சம் இருக்கு."

அவர் கையை மூன்று முறை கழுவிக்கொண்டார். இனி பொருள்? டப்பாத் தூளில் அந்தக் கரண்டி பட்டுவிட்டது, அது போயிற்று. ஆப்பிளும் கிழங்கும் பழைய பானையோடு போயின. மிஞ்சியது ஒரு பிடி திராட்சையும் தேங்காய்ப் பாலும். சீனர் நிலைமையைப் புரிந்துகொண்டார். சாலாக் செலாத்தானிலிருந்து வரும் காய்கறிக்காரரிடம் தமக்காக வாங்கி வைத்திருந்த அன்னாசிப் பழத்தைத் தூக்கி வந்து, தம் இறைச்சிக் கத்தியை ஓங்கினார். நான் பதறிக் கைகூப்பினேன். அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆமா, ஆமா" என்று கத்தியை வைத்துவிட்டு, பழத்தைக் கொண்டையோடு முழுதாகச் சுவர் மேல் வைத்தார். பக்கத்தில், ஓலையில் கட்டிய கட்டு அவிழாத பனைவெல்லம் ஒன்றையும் வைத்தார்.

அம்மா ஏட்டைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "குக்கி, மெட்ராஸ் கறியிலே அன்னாசி உண்டா?"

"அம்மா, நான் மெட்ராஸைப் பாத்ததே இல்லை."

அவர் அன்று முதல் முறையாகச் சிரித்தார். ஏட்டை மூடினார். "தூள் வேணும். நீ அரைச்சுக் கொடு."

கேட்டுக் கொடுப்பது வேறு, கேளாமல் இடுவது வேறு. அந்த வேறுபாட்டை அன்றுதான் கற்றேன். கொத்தமல்லியும் மிளகாயும் வறுத்து அம்மியில் அரைத்து இலையில் வைத்து நீட்டினேன். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வராந்தாவுக்குப் போய்த் தாமதம் ஆகும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது.

"சொதின்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே" என்றார் காண்ட்ராக்டர், "தேங்காய்ப் பாலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தினா குழம்பாயிடுமா?"

"நீர் சும்மா விசர்க் கதை கதையாதையும்" என்றார் கிராணியார். "உங்கட சாம்பாரில பருப்பைக் கண்டுபிடிக்க ஸ்டேஷனில இருந்து லாந்தர் எடுத்து வரவேணும்."

நான் கைகட்டி நின்றேன். "ஐயா, அம்மா ஒரு கறியைத் திரும்பவும் சமைக்கிறாங்க. ஒரு தப்பு நடக்கப் பாத்துச்சு. நடக்கல. அரை மணி நேரம் பொறுக்கணும்."

காண்ட்ராக்டர் என்ன தப்பு என்று வாயெடுத்தார். கிராணியார் அவர் முழங்காலில் கை வைத்து அடக்கிவிட்டு, என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

"அரை மணித்தியாலம்தானே, தம்பி? முப்பது வருஷம் பொறுத்தனான்."

அரை மணி முக்கால் மணியாயிற்று. பின்னர் இலையில் எல்லாம் பரிமாறி முடித்து, அம்மா தம் கையாலேயே நடுவில் அந்தக் கறியை வைத்தார். பொன்னிறத்தில், திராட்சை உப்பி மிதக்க, நான் இதுவரை முகர்ந்தறியாத ஒரு மணம். வைத்துவிட்டு அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தின்னு, பெரிய கிராணி."

இருவரும் ஒரு வாய் வைத்தார்கள். இருவரும் மெல்வதை நிறுத்தினார்கள். காண்ட்ராக்டர் தலையைச் சாய்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் ஐயா, இதுதான் உங்க ஊர் வழக்கமோ? பழத்தைப் போய்க் குழம்புல போடுறது?"

"சிவ சிவா! எங்கட சனம் உப்பிடிச் செய்யாது. உது உங்கட தஞ்சாவூர்க் கலியாண வீட்டு வேலை."

"எங்க ஊர்ல இப்படி வச்சா சம்பந்தியே எழுந்து போயிடுவான்."

இப்படிச் சொல்லிக்கொண்டே இருவரும் இரண்டாம் முறை வாங்கினார்கள். இரண்டாம் முறையில் பேச்சுக் குறைந்தது. மூன்றாம் முறை வாங்கும்போது காண்ட்ராக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருங்க, இருங்க. இந்த வறுத்த மல்லி வாசம்... எங்க அத்தை ஒருத்தி இப்படித்தான் வைப்பா."

கிராணியார் நிமிர்ந்தார். "உம்மட அத்தை தேங்காய்ப் பாலை எங்க கண்டவ? உது எங்கட முறை. இந்தப் பிள்ளைக்கு ஆரோ எங்கட ஆக்கள்தான் சொல்லிக் குடுத்திருக்கினம்."

"திராட்சை? திராட்சை உங்க ஊர்ல எங்க இருக்கு? எங்க கோயில் பொங்கல்ல போடுறது அது!"

ஒரு நாழிகைக்கு முன் ஊரைவிட்டுத் துரத்திய கறியை இருவரும் இப்போது ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு இழுத்தார்கள். துரை இடையில் மாட்டிக்கொண்டு இருவருக்கும் தலையாட்டினார். அம்மா என் பக்கம் குனிந்தார்.

"குக்கி, என்ன சண்டை? நல்லா இல்லையா?"

"உங்க கறி யாரோட ஊருன்னு சண்டை, அம்மா."

அவர் நாற்காலியை விட்டுவிட்டு இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

விருந்து முடிந்ததும் கிராணியார் கைகழுவும் சாக்கில் ரம்புத்தான் மரத்தடிக்கு வந்தார். "என்ன நடந்தது? ஒண்டும் ஒளியாமல் சொல்லு."

சொன்னேன். போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். முதலில், "நான் சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"வேற பானை, வேற அடுப்பு, வேற கரண்டி, ஐயா. ஓலைக் கட்டுகூட என் கண்முன்னாலதான் அவிழ்ந்துச்சு."

நெடுமூச்சு விட்டார். பிறகு போத்தலைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். காளையின் நெற்றியில் ஐந்து மாதச் சந்தனம் அடையாய் ஏறி, சிறு திமில் போலவே நின்றது. "இதுக்கோ பொட்டு வைச்சனீ?" என்றார். தலைகுனிந்தேன். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவருக்கு அப்பால் சீனரும் சேர்ந்துகொண்டார். வெளியே வந்த அம்மா நடந்ததை அறிந்து, தமக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். கிராணியார் கையுயர்த்தித் தடுத்தார்.

"பிள்ளை, என்ர அம்மாவுக்குப் பிறகு எனக்கெண்டு ஒரு கறியை ரெண்டு தரம் சமைச்சது நீதான்."

நீ என்றார். முப்பது ஆண்டில் அவரும் எந்தத் துரைசானியையும் அப்படி அழைத்ததில்லை.

மூன்றாம் நாள் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். தை பிறந்த பின் சிதம்பரத்திலிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே திருநீறு, கூடவே ஒரு துண்டுத் தாள். திருவாதிரைக்குச் சந்நிதியில் முகம் நிமிர்ந்து நின்றேன் என்று எழுதியிருந்தார். பாதி உனக்கு, பாதி அந்தப் பிள்ளைக்கு, அந்தச் சீனத் தம்பிக்கும் கேட்டுக் கொடு என்று எழுதியிருந்தார். அடியில் இன்னும் ஒரு வரி: "போத்தலில் நிக்கிறவருக்கும் ஒரு சிட்டிகை பூசிவிடு. அண்டைக்குச் சரியான நேரத்தில வழி விட்டவர் அவர்."

அம்மா போத்தலைக் கழுவிவிட்டு, தாளைக் கிழியாமல் உரித்து என்னிடம் தந்தார். அந்தத் தாள் என் பூசைப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் இன்றும் இருக்கிறது. வெளிப்புறத்தில் ஒட்டத் துணிவில்லை.

இனித் தீர்ப்பு. மறு ஆண்டு காண்ட்ராக்டர் தம் வீட்டுத் திருமணத்துக்கு அந்தக் கறியையே வைக்கச் சொன்னார், வைத்தேன். பெரிய கிராணியார் ஊர் திரும்பி, தம் மகள் திருமணத்துக்கு முறையைக் கேட்டு எழுதினார், எழுதி அனுப்பினேன். அந்த இரண்டு திருமணங்களிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான், கிள்ளானிலிருந்து உங்கள் அண்டா. தேங்காய்ப் பால் சொதிக்குப் பிழிந்ததில் மிஞ்சியது. வறுத்த மல்லி, தகரத் தூள் கெட்டதால் வந்தது. அன்னாசியும் பனைவெல்லமும் சீனருடையவை. திராட்சை அத்தையுடையது. அதற்கு அசல் ஊர் வேண்டும் என்றால், பிரிக்ஃபீல்ட்ஸ் மேட்டில் ஒரு ரம்புத்தான் மரத்தடி என்று எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் அந்தத் தாய்மாமனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். போகும்போது ஒரு பானைக் கறி கொண்டுபோங்கள். அதில் என்ன போடலாம் என்பதை அவரையே கேளுங்கள். என்ன போடக்கூடாது என்பதை முதலில் கேளுங்கள்.

இதை வாசித்தவர் அடுப்பும், வாசிக்கக் கேட்டவர் அடுப்பும், இதைப் பொய் என்று சொல்லிச் சிரித்தவர் அடுப்பும் ஒருநாளும் அணையாதிருக்கட்டும். உங்கள் பானையில் உப்பு அளவாய் அமையட்டும். உங்களை நம்பி இலை முன் அமர்ந்தவர் எவரும் மனம் நொந்து எழாதிருக்கட்டும். அம்பலத்தில் ஆடுபவன் அருளும், அவன் முன்னே பொறுமையாய்க் காத்திருப்பவர் அருளும் உங்கள் அனைவருக்கும் நிறைவதாக.